இரவல் மூக்கு

திருவனந்தபுரம்
8.8.1974

மாடம்மாளுக்கு உன் புருஷன் வன்னியராஜ் எழுதுவது. நான் சுகம். உன் கால்வலியும் கோபமும் குறைந்ததா?

தில்லியில் விருது வாங்கின எங்கள் கெமிஸ்ட்ரி பேராசிரியர் சுந்தரராமன் சாருக்கு, முப்பது வருஷம் மருந்துகளோடு பழகி மோப்பமே போய்விட்டது. லேபில் குப்பி கழுவுகிற நான்தான் முகர்ந்து சொல்கிறேன்.

திங்கட்கிழமை அம்மோனியாவைத் திறந்தால், நீ தலையில் வைக்கிற பிச்சிப்பூ மணத்தது. "வீட்டு நினைப்பு சார்" என்று சிரித்தேன். சார் சிரிக்கவில்லை.

"எனக்கும் இப்படித்தான்டா ஆரம்பிச்சது. எட்டு நாள் எதை மோந்தாலும் ஆத்துக்காரி அரைச்ச சந்தனம். அப்புறம் ஒண்ணுமே இல்லை."

இன்று நாலாம் நாள். எல்லாக் குப்பியும் பிச்சிப்பூதான். பயப்படாதே, உன் குழம்புக்கு மூக்கில்லாதவனே பொருத்தம்.

கடிதம் கண்டதும், உடுத்தின சேலை ஒன்றைத் துவைக்காமல் பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடு. தாமதிக்காதே.

தபால் எடுக்க வந்துவிட்டார்கள்.

வன்னியராஜ்