மூன்றாவது நிமிடத்துத் தும்மல்

கிரிவலப் பாதையில் ஊதுவத்தியும் ருத்ராட்சமும் விற்கிற ஒரு கடைக்கு நேற்று மதியம் பிரிண்டர் சரிபார்க்கப் போயிருந்தேன். இப்போது அதுதான் என் பிழைப்பு. மேசைக்கு அடியில் படுத்து ஒயரைப் பிடுங்கிக்கொண்டிருந்தபோது உன் கீபோர்டு கேட்டது. பத்து வயலின் சேர்ந்து இழுப்பது போல நீ வைத்திருந்த சத்தம், அதன் மேல் ஒற்றை விரலில் தயங்கித் தயங்கி இறங்கிவரும் அந்த வரி. எழுந்த வேகத்தில் மண்டை மேசையில் இடித்தது.

கடையில் இருந்த பெண் ஒரு வெள்ளைக்காரருக்காக அந்த சிடியை ஓடவிட்டிருந்தாள். அட்டையில் மலை, மலைக்குப் பின்னால் ஒளிவட்டம். யார் பெயரும் இல்லை. யார் வாசித்தது என்று கேட்டேன்.

“மலை மேல குகையில ஒரு சாமி தியானத்துல இருந்து வாசிச்சதாம்ணா. ஃபாரினர்ஸ் ஜாஸ்தி வாங்கறாங்க.”

குகையாம். பே கோபுரத் தெருவில் மாவு மில்லுக்கு மேலே, தகரக் கூரை போட்ட அறை அது. மில்லை மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை நிறுத்துவார்கள். அந்த இரண்டு மணி நேரம்தான் உனக்கு. ஸ்டூடியோவுக்குப் போக வழியில்லாத நீ, உள்ளேயே மைக் வைத்த இரண்டு பழைய டேப்ரெக்கார்டர்களை வைத்துக்கொண்டு ஒரு கூட்டமே வாசிக்கிற இசையைத் தனியாளாகச் செய்தாய். ஒரு வரியை வாசித்து ஒன்றில் பதிவு செய்வாய். அதை ஓடவிட்டு, கூடவே அடுத்ததை வாசிப்பாய். இரண்டும் சேர்ந்து மற்றதில் ஏறும். பிறகு அதை ஓடவிட்டு மூன்றாவது. இப்படி ஏழெட்டுத் தடவை. ஒவ்வொரு தடவையும் இரைச்சல் கூடும், முதலில் வாசித்தது மங்கிக்கொண்டே போகும். “மொதல்ல வாசிச்சது உள்ள பூடும்டா. முக்கியமானத கடைசியா வாசி,” என்பாய். அதனால் ட்ரம்ஸ் சத்தம் தரும் என் ரிதம் பேடுக்கு எப்போதும் கடைசி முறை.

அதில் வந்த ஏழு எண்ணிக்கைத் தாளம் கீழே ஓடிய மில்லுடையது. பெல்ட்டில் ஒட்டுப் போட்ட இடம் சக்கரத்தைத் தொடும்போதெல்லாம் ஒரு ‘டக்’. அதைக் கேட்டுக் கேட்டு நான்கும் மூன்றுமாகப் பிரித்து எனக்குச் சொல்லிக் கொடுத்தாய். எட்டில் முடிக்கும் சினிமாப் பாட்டுக்கே பழகிய என் கை ஒரு மாதம் தடுமாறியது.

உன் அம்மா ஒரு லாட்ஜில் அறை பெருக்கினார்கள். யாரோ விட்டுப்போன கேசட்டை அவர்கள் கொண்டுவந்து கொடுத்ததில்தான் எல்லாம் ஆரம்பித்தது. இருபது நிமிடம் கீபோர்டும் ட்ரம்ஸும். சண்டை போடுகிறது, சமாதானமாகிறது, மறுபடி சண்டை. “பாடறதுக்கு ஆளே இல்லடா, ஆனா என்னமோ சொல்றான் பாரு,” என்று அதைத் தேய்த்தே தீர்த்தாய்.

கீழ்பென்னாத்தூர் கூழ் ஊற்றும் திருவிழாவில் நம் ஆர்கெஸ்ட்ராவுக்குப் பாடகன் வரத் தாமதமானபோது, சும்மா இருக்காமல் உன்னுடையதை ஆரம்பித்தாய். நான் அந்த ஏழு எண்ணிக்கையைப் பிடித்தேன். மூன்று நிமிடம் ஊர் வாயைத் திறக்கவில்லை. பிறகு ஒரு குரல்: “ஏம்பா, பாடறவன் ஓடிட்டானா?” சிரிப்பு. விழாக் கமிட்டித் தலைவர் மேடைக்கே ஏறி வந்தார். “தம்பி, இது எந்தப் படம்?”

“படம் இல்லைங்க. நான் போட்டது.”

“நீ போட்டதெல்லாம் ஊட்டுல வாசிச்சுக்க. ஊரு பணம் கட்டியிருக்கு.”

திரும்பும்போது வேனில் நீ அதைச் சொல்லிக் காட்டிச் சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. லாட்ஜ் பெருக்குகிறவள் மகன் வாசித்தால் எந்தப் படம் என்று கேட்கிற ஊர், சாமி வாசித்தது என்றால் கண்ணை மூடிக்கொள்கிறது. இந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆனால் ஊரைத் திட்டி நான் தப்பித்துக்கொள்ள முடியாது.

உன் இசை முப்பத்தெட்டு நிமிடத்தையும் பதிந்து முடித்த வாரமே மஞ்சள் காமாலையில் படுத்தாய். “பத்திரமா வச்சுக்க,” என்று கேசட்டை என்னிடம் கொடுத்தாய். நான் பத்திரமாக வைக்கவில்லை. தியான கேசட் போடும் ஒருவரிடம் எடுத்துக்கொண்டு போனேன். நீ எழுந்து வரும்போது கையில் ஒரு நிஜக் கேசட்டைக் கொடுக்கலாம் என்று ஆசை. அவர் கேட்டார், நான்காவது நிமிடத்தில் ட்ரம்ஸ் நுழைந்ததும் முகத்தைச் சுளித்தார். “இதுக்கு முன்னாடியே வெட்டிக்கலாம். மெதுவா இருக்கிற எடம் போதும். பேரெல்லாம் வேணாம் தம்பி, தியானத்துக்குப் பேரு எதுக்கு?”

நான் தலையை ஆட்டினேன். ஒன்றுமே வராததற்கு நான்கு நிமிடமாவது வரட்டும் என்று நினைத்தேன்.

நீ எழுந்து வந்ததும் அவர் போட்ட கேசட்டைக் கொடுத்தேன். முழுதும் கேட்டாய். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். கத்துவாய் என்று காத்திருந்தேன்.

“எம்பேர வுட்ட, போவட்டும். ட்ரம்ஸ எதுக்குடா வுட்ட? அது உன்னுதாச்சே.”

முழுக் கேசட்டை என்னிடமிருந்து வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாய். நான் ஆர்கெஸ்ட்ராவிலிருந்து நின்றுவிட்டேன், உன் முகத்தைப் பார்க்க முடியாமல். மூன்று மாதம் கழித்து செங்கம் ரோட்டில் ஆர்கெஸ்ட்ரா வேன் கவிழ்ந்தது. பையும் கேசட்டும் உன்னோடு போயின. மன்னிப்புக் கேட்கத்தான் அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை வருவதாக இருந்தேன் என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். பொய். இன்னும் சில ஞாயிறுகள் தள்ளிப்போட்டிருப்பேன்.

நேற்று அந்தப் பெண்ணிடம் பாட்டை முதலிலிருந்து போடச் சொன்னேன். “மூணாவது நிமிஷத்துல நல்லா கேளும்மா.”

வந்தது. வயலின்களுக்கு நடுவில், தூரத்தில், ஒரு தும்மல்.

“அட, ஆமாண்ணா. சாமிக்குச் சளியா?”

“சாமி இல்ல, நான். கீழ மில்லுல அப்பதான் மொளகா அரைச்சு நிறுத்தியிருந்தாங்க.”

அன்று திரும்பப் பதியலாம் என்று கெஞ்சினேன். நீதான் விடவில்லை. “இருக்கட்டும்டா. மில்லுக்கு மேல பண்ணதுன்னு தெரியட்டும்.” அவர்கள் ட்ரம்ஸை வெட்டினார்கள், பெயரை வெட்டினார்கள். தும்மலை மட்டும் எடுக்க முடியவில்லை.

“அப்ப வாசிச்சது நீங்களாண்ணா?”

இல்லை என்று உன் பெயரைச் சொன்னேன். தெருவையும் சொன்னேன். அவள் ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்தாள். “ஓனருக்குத் தெரிஞ்சா என்னத் தூக்கிடுவாரு. ஆனா யாராச்சும் கேட்டா சொல்றேண்ணா.” அவள் சொல்லாமலும் போகலாம். நான் அவளைக் குறை சொல்லும் இடத்தில் இல்லை.

வெள்ளைக்காரர் கண்ணை மூடி நின்றிருந்தார். இசை ட்ரம்ஸுக்கு முன்னால் வெட்டிய அந்த இடத்துக்கு வந்துகொண்டிருந்தது. உன் முகம் இப்போதெல்லாம் எனக்குச் சரியாக நினைவுக்கு வருவதில்லை; அந்த முப்பத்தெட்டு நிமிடத்தில் பாதி வரிகள் மறந்துவிட்டன. கை மட்டும் மறக்கவில்லை. வயலின்கள் தேய்ந்து சிடி ஓய்ந்த அந்த நொடியில், கண்ணாடி மேசை மேல் இரண்டு கையையும் வைத்து நான் நுழைந்தேன். நான்கு, மூன்று. நான்கு, மூன்று. மேசையிலிருந்த ருத்ராட்ச மாலைகள் குதித்தன. அவர் கண்ணைத் திறந்தார். நான் நிறுத்தவில்லை.