தாமதக் காரணம்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே கீழ்வீட்டில் நான் நலம். மாடியில் என் வீட்டுக்காரியும் நலம். அங்கே உன் முழங்கால், அத்தானின் இருமல், பேரப்பிள்ளைகளின் பரீட்சை எல்லாம் எப்படி இருக்கின்றன என்று உன் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. நான்கு பக்கமும் என்னைத் திட்டுவதற்கே சரியாகப் போய்விட்டது. பரவாயில்லை. அறுபத்தொன்பது வயதில் என்னைத் திட்டுவதற்கு உன்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?

கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. மூன்று முறை படித்தேன். அறுபத்து நான்கு வயதில் ஒருத்தி புருஷன் உயிரோடு இருக்கும்போதே மாடியில் தனிக்குடித்தனம் போவதா, நாலு பேர் சிரிக்க மாட்டார்களா, நீயெல்லாம் ஒரு ஆம்பிளையா என்று கேட்டிருக்கிறாய். வருகிற பதினான்காம் தேதி நேரில் வந்து அவளைக் கீழே இறக்கி வைத்துவிட்டுத்தான் திரும்புவேன் என்றும் எழுதியிருக்கிறாய். நீ செய்யக்கூடியவள்தான். இந்த நாற்பத்திரண்டு வருடத்தில் அவள் உன்னை ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியதில்லை. நீ வந்து வாசலில் நின்று இறங்கி வா என்றால், மறுபேச்சில்லாமல் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கி வந்துவிடுவாள். அக்கா, எனக்கு அதுதான் பயம். அதனால்தான் நீ புறப்படுவதற்குள் இது உன் கையில் கிடைக்க வேண்டுமென்று எழுதுகிறேன்.

நடந்ததை நான் போனில் உனக்குச் சரியாகச் சொல்லவில்லை. ஏதோ அவளுக்குத் திடீரென்று புத்தி பேதலித்துவிட்ட மாதிரி சொல்லி வைத்தேன். தப்பு என் மேல். அதை உன்னிடம் ஒப்புக்கொள்ள எனக்கு ஏழு மாதம் ஆகியிருக்கிறது.

நான் முப்பத்து மூன்று வருடம் பஸ் நிலையத்தில் டைம்கீப்பராக இருந்தவன் என்பது உனக்குத் தெரியும். ஓய்வுக்குப் பிறகும் விடாமல் ஒரு தனியார் பஸ் முதலாளியிடம் எட்டு வருடம் அதே வேலை பார்த்தேன். கண்ணில் புரை விழுந்த பிறகுதான் வீட்டில் உட்கார்ந்தேன். ஆறு பத்துக்குக் கிளம்ப வேண்டிய வண்டி ஆறு பத்துக்குக் கிளம்பியாக வேண்டும். டிரைவர் கையில் டீ கிளாஸ் இருந்தாலும் நான் விசில் ஊதிவிடுவேன். எந்த வண்டி எத்தனை மணிக்கு வர வேண்டும், எத்தனை மணிக்கு வந்தது, எவ்வளவு தாமதம் என்று பதிவேட்டில் எழுதி, கடைசிக் கட்டத்தில் தாமதக் காரணம் என்று ஒன்று எழுத வேண்டும். பங்க்சர், ரயில்வே கேட், மழை, ஊர்வலம். காரணம் இல்லாமல் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் மேலிடத்திலிருந்து ஓலை வந்துவிடும்.

வீட்டில் சும்மா உட்கார்ந்தவனுக்குக் கை அரித்தது. ஒரு நீளமான நோட்டு வாங்கி அதே மாதிரி கோடு போட்டேன். காலை டீ ஆறு பத்து. பலகாரம் எட்டு. மதியச் சாப்பாடு பன்னிரண்டே முக்கால். சாயங்கால டீ நான்கு. அடுப்படிச் சுவரில் ஆணி அடித்துத் தொங்கவிட்டேன். முதல் பத்து நாள் அவள் சிரித்தாள். நானும் விளையாட்டாகத்தான் தொடங்கினேன் என்று வைத்துக்கொள்ளேன். ஆனால் ஒரு மாதத்துக்குள் சிவப்புப் பேனா வாங்கிவிட்டேன். பருப்பு வேக நேரமாயிற்று, பால்காரர் பிந்தினார், போனில் மகள் என்று அவள் ஒவ்வொரு வேளையும் காரணம் சொல்லுவாள், நான் எழுதுவேன். இப்போது எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது.

ஒருநாள் நான்கு மணி டீ நான்கு இருபத்தைந்துக்கு வந்தது. காரணம் கேட்டேன். அவள் என் கையிலிருந்து பேனாவை வாங்கி, அந்தக் கட்டத்தில் தானே இப்படி எழுதினாள்: உட்கார்ந்திருந்தேன். அவ்வளவுதான். இதெல்லாம் ஒரு காரணமா என்று கேட்டேன். அவள் டம்ளரைக் கழுவப் போய்விட்டாள்.

மாடியில் குடியிருந்த இளம் தம்பதி அதற்கு முந்தின மாதம்தான் காலி செய்திருந்தார்கள். பெண்டாட்டி வேலைக்குப் போக, புருஷன் துணி காயப்போடுவான். அதைப் பார்த்து நான் அடித்த கிண்டல் கொஞ்சநஞ்சமில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை இவள் ஒரு பாய், தலையணை, ரேடியோ, சின்ன அடுப்பு, நான்கு பாத்திரம் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். சண்டை இல்லை, அழுகை இல்லை. மேலே இருந்துகொள்கிறேன், உடம்புக்கு ஏதாவது என்றால் குரல் கொடுங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

அக்கம்பக்கத்தில் கேட்டவர்களிடம் அவளுக்கு முழங்கால் வலி, அதனால் மாடியில் இருக்கிறாள் என்றேன். முழங்கால் வலிக்கு மாடிப்படி ஏறச் சொன்ன வைத்தியன் உலகத்திலேயே நான் ஒருவன்தான். இரண்டு நாளில் தானாக இறங்கி வருவாள் என்று வீறாப்பாக இருந்தேன். சோறு அடிப்பிடித்தது, விரலை வெட்டிக்கொண்டேன், வீறாப்பு குறையவில்லை. மகளுக்குப் போன் போட்டு முறையிட்டால் அவள், இப்பவாவது போனாங்களே என்றாள். பெற்ற பிள்ளையே இப்படிச் சொல்லிவிட்டாளே என்று அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பத்தாவது நாள் நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன். இதற்கு ஒரு முடிவு கட்டிவிடுவது என்றுதான் போனேன். கதவு சாத்தியிருந்தது. என் வீடு, என்னிடம் ஒரு சாவி இருக்கிறது, தட்டுவானேன் என்று திறந்துவிட்டேன். ஜன்னலோரம் நாற்காலி போட்டு, இன்னொரு நாற்காலியில் காலை நீட்டி, சும்மா உட்கார்ந்திருந்தாள். கையில் வேலை ஒன்றும் இல்லை. ரேடியோகூடப் பாடவில்லை. என்னைப் பார்த்ததும் விழுந்தடித்து எழுந்தாள். செக்கிங் இன்ஸ்பெக்டர் ஏறினால் கண்டக்டர் எப்படி எழுவான், அப்படி. அக்கா, எனக்குச் சுருக்கென்றது. நாற்பத்திரண்டு வருடத்தில் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லையே என்று யோசித்தேன். பார்த்ததில்லை என்பது சரியில்லை. என்னைக் கண்டால் எழுந்துவிடுகிறவளை நான் எப்படி உட்கார்ந்தபடி பார்த்திருக்க முடியும்?

அன்று அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "உங்க மேல கோவமெல்லாம் ஒண்ணும் இல்லங்க. யாரும் கூப்பிடாத இடத்துல கொஞ்ச நேரம் உட்காரணும். அவ்வளவுதான் வேணும் எனக்கு."

என் சாவியை அவள் மேஜைமேல் வைத்துவிட்டு இறங்கி வந்தேன். நோட்டு கையிலேயே இருந்தது.

அதற்குப் பிறகு நிறைய யோசித்தேன். யோசிக்கத்தான் இப்போது நேரம் இருக்கிறதே. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பெண்கள் கணவனோ தம்பியோ கூட வராமல் பஸ் ஏறமாட்டார்கள். பிறகு தனியாக வந்தார்கள், பிறகு கூட்டமாக வேலைக்குப் போனார்கள். கடைசியில் தனியார் கம்பெனியில் ஒரு பெண் டிரைவராகவே வந்து சேர்ந்தாள். அவள் முதல் டிரிப் எடுத்த அன்று விசில் ஊதியவன் நான். காலம் மாறிவிட்டது, நாமும் மாற வேண்டும் என்று எல்லா டிரைவர்களுக்கும் நடுவில் நின்று பேசினேன். கை தட்டினார்கள். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து, சட்டைக்கு இஸ்திரி போடவில்லை என்று இவளைக் கத்தினேன். மாற்றம் எல்லாம் பஸ்ஸில் ஏறி வேறு ஊருக்குப் போகிற சமாசாரம் என்று நினைத்திருந்தேன் போலிருக்கிறது. என் வீட்டு மாடிப்படியில் அது ஏறும் என்று நினைக்கவில்லை.

இப்போது எப்படி இருக்கிறோம் என்று கேள். எனக்கு நான் சமைத்துக்கொள்கிறேன், அவளுக்கு அவள். குழம்பு நன்றாக வந்தால் ஒரு கிண்ணம் படியேறும், அல்லது இறங்கும். காலையில் அவள் நூலகத்துக்குப் போய்ப் பேப்பர் படித்துவிட்டு வருகிறாள். பேச வேண்டுமென்றால் நான் போய்க் கதவைத் தட்டுகிறேன். ஒருநாள் உள்ளேயிருந்து, அப்புறம் வாங்க என்றாள். திரும்பி வந்து கூடத்தில் உட்கார்ந்தேன். என்ன கோபம் வந்தது தெரியுமா! என்னை, என் வீட்டில், அப்புறம் வா என்பதா? அரைமணியோ ஒருமணியோ பொருமிக்கொண்டிருந்தேன். பிறகு பார்த்தால் கோபம் எப்போது போனது என்றே தெரியவில்லை. வேப்பமரத்தில் அணில் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன். மணி என்ன என்று பார்க்கவில்லை. அக்கா, என் வாழ்நாளில் முதல் தடவையாக நானும் உட்கார்ந்திருந்தேன். எல்லாம் நேரத்துக்கு நடந்தால் நிம்மதி வரும் என்று இத்தனை வருடம் விசில் ஊதிக்கொண்டிருந்தவனுக்கு, அது இப்படி ஒன்றும் நடக்காத நேரத்தில் வந்தது. அன்றிலிருந்து கடிகாரம் கட்டுவதில்லை.

போன மாதம் மழை பெய்த ஒரு சாயங்காலம் அவளே இறங்கி வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் டீ போடப் போனேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்து, துடைத்து, மறுபடி போட்டு எடுத்து வருவதற்குள் வெகுநேரம் ஆகிவிட்டது. பார்த்தால் அவள் அலமாரியிலிருந்து அந்த நோட்டை எடுத்து மடியில் விரித்து, சிவப்புப் பேனாவோடு காத்திருக்கிறாள். முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு காரணம் கேட்டாள். பால் பொங்கிவிட்டது என்றேன். இதெல்லாம் ஒரு காரணமா என்றாள். இருவரும் சிரித்த சிரிப்பில் டீ ஆறிவிட்டது. கல்யாணமான புதிதில்கூட நாங்கள் அப்படிச் சிரித்த ஞாபகம் எனக்கு இல்லை. நீ பதினான்காம் தேதி வந்து கீழே இறக்கினால் அவள் இறங்குவாள், ஆனால் அப்படிச் சிரிக்க மாட்டாள்.

இனி ஒரு விஷயம். கோபித்துக்கொள்ளாதே. உன் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் ஒரு வரியை அடித்திருக்கிறாய். ஒரு கோடு போதவில்லை என்று நாலைந்து கோடு இழுத்திருக்கிறாய். புரை எடுத்த கண், புதுக் கண்ணாடி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் படிக்க முடிந்தது. அவளுக்காவது மாடி இருக்கிறது என்று எழுதி அடித்திருக்கிறாய்.

மூன்று முறை படித்தேன் என்று சொன்னேனே, அந்த வரியைத்தான். உன் மகன் வீட்டுக் கூடத்தில், டிவிக்கு முன்னால், எல்லோரும் பார்த்து முடித்த பிறகு நீ மடக்குக் கட்டிலை விரிப்பதையும், விடிவதற்குள் மடக்கி வைத்துவிடுவதையும் நான் வரும்போதெல்லாம் பார்த்திருக்கிறேன். உன் துணிப்பெட்டி ஒரு தடவை சோபாவுக்கு அடியில் இருந்தது, அடுத்த தடவை குளியலறைப் பரணில் இருந்தது. அதற்கு முன் அத்தானின் கூட்டுக்குடும்பத்தில் பதினோரு பேருக்கு நடுவில் இருந்தாய். அதற்கும் முன் நம் வீட்டில் எங்கள் ஐந்து பேரையும் நீதான் பார்த்துக்கொண்டாய். நீ எங்கே உட்கார்ந்தாய் அக்கா? நான் கேட்டதே இல்லை. நான் டைம்கீப்பர், எல்லோருடைய தாமதத்துக்கும் காரணம் கேட்டவன், உன்னிடம் எதையும் கேட்கவில்லை.

உன் கடிதத்தை மேலே கொண்டுபோய்த் தட்டிவிட்டு அவளிடம் கொடுத்தேன். திட்டியிருப்பதை எல்லாம் படித்தாள். அந்த வரியையும் காட்டினேன். பிறகு எழுந்து, பின்பக்க அறையில் போட்டிருந்த பழைய சாமான்களை ஒதுக்க ஆரம்பித்தாள். நானும் கூடத் தூக்கினேன். பரணிலிருந்த கட்டிலை இறக்கித் துடைத்து ஜன்னலோரம் போட்டோம். அந்த ஜன்னலிலிருந்தும் வேப்பமரம் தெரியும்.

இரவல் தலையணை உனக்கு ஒத்துக்கொள்ளாது, உன்னுடையதையே எடுத்து வரட்டும் என்றாள். பிறகு சொன்னாள்: "அண்ணி வந்து என்னைக் கீழ இறக்க வேண்டாம். அவங்களை மேல வரச் சொல்லுங்க."

அத்தானிடம் என்ன சொல்வதென்று யோசிக்காதே, நான் தனியாக எழுதுகிறேன். பத்து நாளோ பத்து மாதமோ, உன் இஷ்டம். இந்த உறை கனமாக இருப்பதற்கான காரணத்தை அடியில் காகிதத்தில் சுற்றி வைத்திருக்கிறேன். அன்று நான் மேஜைமேல் வைத்துவிட்டு வந்த மாடிச் சாவி. உனக்கு அனுப்பச் சொல்லி அவளே கொடுத்தாள். எனக்கு இனி அது வேண்டாம், நான் தட்டப் பழகிவிட்டேன்.

பதினான்காம் தேதிதான் வர வேண்டும் என்றில்லை. எந்த வண்டியில் வந்தாலும், எத்தனை மணிக்கு வந்தாலும் வா அக்கா. காரணம் கேட்க மாட்டேன்.

உன் கால் தொட்டு வணங்கும்
தம்பி