கதவில் என் முகம்

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

பல்கேரியாவிலிருந்து ஜெர்மனிக்கு வருமுன் வேலை, வாடகை, காப்பீடு எல்லாம் விசாரித்தோம். வாசலில் பெயர் ஒட்டாவிட்டால் தபால் வராதென்று யாரும் சொல்லவில்லை.

“கதவுல பேர் இல்லன்னா இந்த ஊர்ல நீயே இல்லடி பொண்ணு! ஒரு போட்டோ குடு, நான் பாத்துக்கறேன்” என்று கீழ்வீட்டு கெர்லிண்டே அம்மா சிரித்தார்.

நேற்று வேலை முடிந்து வந்தால் தெருக்கதவில் என் படம், முழுப்பெயர், சுற்றிலும் கறுப்புக் கோடு. அப்பா இறந்தபோது நம் கதவில் இரங்கல் அறிவிப்பு ஒட்டினோமே, அதே மாதிரி. கீழே குவளையில் இரண்டு ரோஜாக்கள். இறந்தவர்களுக்குத்தானே நாம் இரட்டைப்படையில் வைப்போம்? அப்போது மாடிவீட்டுக்காரர் கடந்துபோனார். வணக்கம் சொன்னேன், அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

“வரவேற்பு எப்படி, அழகா இருக்கா?” என்று கெர்லிண்டே அம்மா கேட்டபிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. பயப்படாதீர்கள், சிரித்துவிட்டேன். இன்னொரு ரோஜா வாங்கிச் சேர்த்து மூன்றாக்கினேன்.

இன்று காலை மறுபடி இரண்டுதான் இருந்தன. யாரோ ஒன்றை எடுத்திருப்பார்கள்.

கொஞ்சம் மசாலா உப்பு அனுப்புங்கள். பொட்டலத்தின் மேலே என் பெயரை உங்கள் கையால் பெரிதாக எழுதுங்கள். தபால்காரர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுக்கட்டும்.

டிராம் வந்துவிட்டது.

உங்கள் ரலிட்சா