முன்பாரம்

குமராட்சி,
மாசி 14.

மைத்துனன் கதிர்வேலுக்கு ராஜமாணிக்கம் எழுதுவது.

கடிதம் என்றால் முதலில் நலம் விசாரிக்க வேண்டும். விசாரித்துவிட்டதாக வைத்துக்கொள். போனில் நான் நாலு வார்த்தை பேசுவதற்குள் நீ வைத்துவிடுகிறாய். காகிதத்தை அப்படிச் செய்ய முடியாது. கசக்கிப் போட்டாலும் மறுபடி எடுத்துப் பிரித்துப் பார்ப்பாய். உன் குணம் எனக்குத் தெரியும்.

உன் அக்காளை நீ திருப்பாதிரிப்புலியூருக்குக் கூட்டிப்போய் இன்றோடு பத்தொன்பது நாள். மணிக்கட்டில் மாவுக்கட்டோடு அவளைக் காரில் ஏற்றிவிட்டு, தெருவே கேட்க, “எங்க அக்காவ என்னான்னு நெனச்ச மாமா? எடக்கல்லுன்னா?” என்றாய். எதிர்வீட்டுச் சந்திரலேகா டீச்சர் அதைப் பிடித்துக்கொண்டாள். நான் வாசலில் வந்து நின்றால் போதும், “இன்னா மாமா, எடக்கல்லு எப்ப வருது?” என்கிறாள். இந்தப் பெயரைக் கொடுத்தது நீ.

அதோடு விட்டாயா? வண்டியை விற்றால்தான் அக்காள் வருவாள் என்று ஆளிடம் சொல்லியனுப்புகிறாய். பாண்டிச்சேரியில் ரிசார்ட் வைத்திருக்கிற எவனோ, என் டிராக்டருக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்து வாசலில் நிறுத்திப் பூந்தொட்டி வைக்கப்போகிறானாம். நீ போட்டோவும் அனுப்பிவிட்டாயாம். என் வண்டியைக் காட்டி விலை பேச நீ யார்? உன் மகள் கல்யாணத்தில் என்னைக் கடைசிப் பந்திவரை காக்க வைத்தவன்தானே நீ. அப்போதும் உன் அக்காள்தான், “வுடுங்க, அவனுக்கு ஆயிரம் வேல” என்று என் வாயை அடைத்தாள்.

நீ ஹார்டுவேர் கடையில் போல்ட் விற்பவன். நான் போல்ட் முடுக்குகிறவன். ஐந்தாவதோடு நின்ற நான், அந்த வண்டியை யாரிடமும் கேட்காமல் மூன்று முறை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பூட்டியிருக்கிறேன். மூன்றாவது முறை ஒரு போல்ட் மிஞ்சியது. எங்கே இருந்ததென்று இன்றுவரை தெரியவில்லை. வண்டி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

உனக்குத் தெரியாததைச் சொல்கிறேன். அறுவடை இயந்திரம் போனபிறகு ஊரில் எல்லாரும் வைக்கோலைச் சின்னக் கட்டுகளாகக் கட்டுகிறார்கள். அதைத் தலையில் சுமக்க ஆள் வேண்டும். ஆள் எங்கே இருக்கிறது? அதனால்தான் ஆறு வருஷமாக நான் வைக்கோலைப் பெரிய உருளையாகச் சுருட்டிப் போடுகிற இயந்திரத்தைக் கூப்பிடுகிறேன். ஒரு உருளை கால் டன். என் வண்டியோ நாற்பது வருஷத்துச் சின்ன வண்டி. பின்னால் நானே வெல்டிங் வைத்த கூர்க்கம்பியில் உருளையைக் குத்தித் தூக்கினால் முன்சக்கரம் தரையை விட்டு எழும்பும். மாட்டுவண்டி ஓட்டியவனுக்கு இது தெரியும். பின்பாரம் ஏறினால் முன்பாரம் வேண்டும். முதல் வருஷம் எதைக் கட்டலாம் என்று நான் யோசித்துக்கொண்டு நின்றபோது உன் அக்காள் தானாக வந்து முன் பம்பர் மேல் ஏறிக்கொண்டு, “நா ஒக்காந்துக்குறேன், ஓட்டுங்க. ஒங்க சோத்தத் தின்னு ஏத்துன ஒடம்புதான” என்றாள். நான் ஏறச் சொல்லவில்லை. இறங்கச் சொல்லவும் இல்லை. மறுநாள் பலகை போட்டு, சாக்கு மடித்து வைத்தேன். என்னைப் பார்த்தபடி திரும்பி உட்கார்ந்து வருவாள். ஆறு வருஷமாக இதுதான் நடந்தது.

இந்த வருஷம் இருபத்தாறு உருளை. பத்தாவதைக் கொண்டுவரும்போதுதான் அவள் விழுந்தாள். மீதியை வயலிலேயே விட்டு அழுகவிடுவேன் என்று நினைத்திருப்பாய். பலகையில் மூன்று மூட்டை மணல் வைத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டினேன். வண்டியின் மூக்கு எழும்பவே இல்லை. கீழே விழுந்த உருளை உட்பட பதினேழையும் நான் ஒருவனாகவே கொண்டுவந்து கொட்டகையில் சேர்த்துவிட்டேன். மறுநாள் மழை வந்தது. ஒன்றுகூட நனையவில்லை. ஆகவே பாரத்துக்காக அவளைக் கூப்பிடுகிறேன் என்று இனி நீ சொல்ல முடியாது.

அப்படியானால் ஆறு வருஷமும் மணலையே வைத்திருக்கலாமே என்று கேட்பாய். வைத்திருக்கலாம். அவள் வரும்போது பேசிக்கொண்டே வருவாள். என்ஜின் சத்தத்தில் ஒரு சொல்கூட எனக்குக் கேட்காது. வாய் அசையும், கை ஆடும், முகம் மாறும். நான் தலையாட்டுவேன். என்னைத் திட்டுகிறாளா, மாட்டைப் பற்றிச் சொல்கிறாளா என்று தெரியாது. கேட்டதும் இல்லை. மூட்டையை வைத்து ஓட்டினால் முன்னால் வயல்தான் தெரிகிறது.

இப்போது இன்னொன்று. இதை உனக்குப் பயந்து எழுதவில்லை. ஆஸ்பத்திரியில் உன்னிடம், அவள் பிடியை விட்டுவிட்டாள், வழுக்கி விழுந்தாள் என்று சொன்னேன். அவளும் அப்படியேதான் உன்னிடம் சொல்லியிருக்கிறாள் என்று உன் பேச்சிலிருந்து தெரிகிறது. அது பொய். வாய்க்கால் பாலத்துக்கு முன்னால் கம்பியைப் பிடித்திருந்த ஊக்கு கழன்று, உருளை ஒரு பக்கமாக நழுவிக்கொண்டிருந்தது. அது எனக்குப் பின்னால் நடந்தது. என்னைப் பார்த்து உட்கார்ந்திருந்த அவளுக்குத்தான் தெரிந்தது. கையை நீட்டிக் காட்டினாள். கத்தினாள். கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினாள். எப்போதும் திட்டுகிற திட்டுதானே என்று நான் தலையாட்டிவிட்டு ஓட்டினேன். உருளை விழுந்ததும், பின்பாரத்தால் இலேசாகியிருந்த வண்டி மூக்கு தடாலென்று தரையில் மோதியது. அவளைத் தூக்கி எறிந்துவிட்டது. முன்சக்கரம் அவள் காலுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது.

ஒரு சாண், கதிர்வேல். இதை யாரிடமும் நான் சொல்லவில்லை.

இதைப் படித்ததும் கடையில் நாலு பேரைக் கூட்டிவைத்துச் சொல்வாய். சொல். உன் கடைப் படியில் வந்து நின்று மன்னிப்புக் கேட்பேன் என்று மட்டும் எதிர்பார்க்காதே. உனக்கு எலும்பு முறியவில்லை.

வண்டி விஷயத்துக்கும் பதில் இதுதான். நீ சொல்லி நான் விற்க மாட்டேன். ரிசார்ட்காரன் படியேறினால் வந்த வழியே அனுப்புவேன். விற்க வேண்டும் என்றால் அதை விருத்தாம்பாள் சொல்ல வேண்டும். ஆள்விட்டு அல்ல, போனில் அல்ல, அவள் வாயால், இந்த வீட்டுக்கு வந்து சொல்ல வேண்டும். சாவி ஆணியில் தொங்குகிறது. வண்டியை அணைத்துவிட்டு உட்கார்ந்து கேட்கிறேன். ஆறு வருஷத்துப் பேச்சையும் சேர்த்துச் சொன்னாலும் கேட்கிறேன்.

கட்டுப் பிரிக்கிற நாள் பங்குனி முதல் வாரம் என்று டாக்டர் சொன்னார். பிரித்த கையை வெந்நீரில் வைத்து விரலை மடக்கி நீட்டச் சொல். அவசரப்பட்டுக் குடம் தூக்குவாள், விடாதே.

உன் கடையும் பிள்ளைகளும் நன்றாக இருக்கட்டும். மனதாரத்தான் எழுதுகிறேன். நம்பினால் நம்பு.

இந்தக் கடிதத்தை நீ அவளுக்குப் படித்துக் காட்ட வேண்டாம். அவளுக்குப் படிக்கத் தெரியும். கையில் கொடுத்துவிட்டு நீ கடைக்குப் போ.

இப்படிக்கு,
உன் அக்காள் புருஷன்
ராஜமாணிக்கம்