ரோஸ் காலையில், வெள்ளை ரெண்டு வேளை

அக்கா,

என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துவிடாதே. ஆம்புலன்ஸ் டிரைவர் உன் கையிலேயே கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். எத்தனை தடவை கூப்பிட்டாலும் உனக்கு லைன் போகவில்லை, மெசேஜும் போகவில்லை. டவர் கோளாறு என்றே வைத்துக்கொள்வோம்.

முதலில் அப்பாவின் மாத்திரை டப்பாவைத் திற. மீதியை அப்புறம் படி.

இந்த மாதம் எல்லா அரசு ஆஸ்பத்திரிக்கும் வேறு கம்பெனி மாத்திரை வந்திருக்கிறது. வராமலே கிடந்த மருந்து வந்ததே என்று குதித்தேன். ஆனால் நிறம் இடம் மாறிவிட்டது. பிரஷர் மாத்திரை இப்போது வெள்ளை, சர்க்கரை மாத்திரை ரோஸ். மருந்துக் கவுன்டரில் ஒவ்வொருவரிடமும் தொண்டை வறளச் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். இன்று காலை, மாதாமாதம் என்னிடம் மாத்திரை வாங்கும் தையல்காரம்மாவை மயக்கத்தில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கண் விழித்ததும் என்னையே கேட்டார்: "ரோஸ் காலைல, வெள்ளை ரெண்டு வேளை. எப்பவும் போலத்தானேம்மா போட்டேன்?"

அவர் பிழைத்துக்கொண்டார். நான் உடனே இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். அப்பாவும் நிறம் பார்த்துத்தானே போடுவார்? கண்ணாடி போட்டால் கிழவனாகிவிடுவாராம்!

இனிமேல் பெயரை நீயே வாசித்துக் கொடு. தலை சுற்றுகிறது என்றாரா? "வெயிலுப்பா" என்று விட்டுவிடாதே, உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போ.

வேறு எதையும் எழுதப்போவதில்லை. டவர் சரியாகிவிட்டால், திட்டுவதற்காகவாவது கூப்பிடு. கவுன்டரில் போன் எடுக்கக் கூடாது என்பது இங்கே சட்டம். நான் எடுப்பேன்.

இன்னமும் உன் தங்கச்சிதான்