ராகுகாலத்தில் பிடுங்கிய பிளக்

பூதலூர்

அன்பு மகள் சந்திரலேகாவுக்கு, அப்பா தங்கையன் தன் கையாலேயே எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் நலம், மாடும் கன்றும் நலம், உன் பழைய கம்ப்யூட்டர் மட்டும் கொஞ்ச நாள் படுத்துக் கிடந்து இப்போதுதான் எழுந்து உட்கார்ந்திருக்கிறது. அங்கே நீயும் மாப்பிள்ளை வெற்றிசெல்வனும் குழந்தை பூமிகாவும் குளிருக்குக் கம்பளி போட்டுக்கொண்டு சௌக்கியமாக இருக்க வேண்டும். இதுவரை என் பெயரில் உனக்கு வந்த கடிதமெல்லாம் நான் சொல்லச் சொல்ல உன் அம்மா எழுதியவை. நான் சொன்னதைத்தான் எழுதினாளா என்பது உங்கள் இருவருக்கும்தான் வெளிச்சம். பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் நடக்கிற பெரியவர்கள் வகுப்பில் நான் படித்துத் தேறியபின் வருகிற முதல் கடிதம் இது. ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் வெற்றிலை மென்று தீர்ந்துவிடுகிறது, ஆனாலும் பேனாவை இன்னொருவரிடம் கொடுக்க மனம் வரவில்லை.

வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது, சம்பா நடவு நடக்கிறது, ஆள் கிடைப்பதுதான் பெரும்பாடு. அது இருக்கட்டும், கம்ப்யூட்டர் கதைக்கு வருகிறேன். எழுத்துத் தெரிந்ததும் கண்ணில் படுவதையெல்லாம் வாசிக்கத் தொடங்கிவிட்டேன், பஸ் போர்டு, உர மூட்டை, மருந்துச் சீட்டின் பின்பக்கம்கூட விடவில்லை. வீட்டில் இருக்கிற கம்ப்யூட்டர் மட்டும் இங்கிலீஷிலேயே பேசிக்கொண்டிருந்தது எனக்குப் பிடிக்கவில்லை. ஸ்டேஷன் ரோட்டில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிற உன் சிநேகிதி கமருன்னிஸாவிடம் போய், இதைத் தமிழில் பேச வை என்றேன். அவள், "பழசெல்லாம் அழிச்சிட்டு புது சிஸ்டம் போடணும்ப்பா, உள்ள வேண்டியது ஏதும் இருக்கா?" என்று கேட்டாள். படித்த மனிதன் என்ற தெம்பில், ஒன்றுமில்லை, தைரியமாக அழி என்று சொல்லிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஸ்கூட்டரில் வந்து வேலையைத் தொடங்கி வைத்தாள். பழைய மிஷின், மெதுவாகத்தான் போகும், நடுவில் தானாக அணைந்து தானாக எரியும், யாரும் கை வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனாள். நானும் உன் அம்மாவும் ஆளுக்கொரு நாற்காலி போட்டுக் காவல் இருந்தோம். மூன்று மணி அடித்தது, ராகுகாலம் பிறந்தது, அந்த நேரம் பார்த்து மிஷின் அணைந்து எரிந்தது. உன் அம்மா, "ஏங்க, பாதியில நிக்கிறது தப்பில்ல, ராகுகாலத்துல புதுசா ஆரம்பிக்குது பாருங்க, அதுதான் தப்பு" என்று எழுந்து போய்ப் பிளக்கைப் பிடுங்கிவிட்டாள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. நாலரைக்கு விளக்கேற்றி, சூடம் காட்டி, மறுபடி சொருகினோம். திரையில், "நிறுவல் முழுமை பெறவில்லை, மீண்டும் முயலவும்" என்று வந்தது. அதை நான் எழுத்துக்கூட்டி, ஒரு பிழை இல்லாமல் வாசித்தேன். அந்த மிஷினில் நான் வாசித்த முதல் வாசகம் அது. சந்தோஷம் தாங்கவில்லை. சரி என்ற இடத்தை அமுக்கினேன், அதே வாசகம் வந்தது, மறுபடி வாசித்தேன். எத்தனை தரம் அமுக்கினாலும் அதற்கு வேறு பேச்சு இல்லை. உன் அம்மா, "உங்களுக்குப் பாடம் நடத்தவா அத வாங்கி வச்சிருக்கு?" என்று எழுந்து போய்விட்டாள்.

அன்றைக்கு விளக்கு வைக்கிற நேரத்தில்தான் நீ போன் செய்தாய். பூமிகாவின் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுடைய அம்மாவின் சின்ன வயதுப் படம் கேட்கிறார்கள், எல்லாம் அந்தக் கம்ப்யூட்டரில் இருக்கிறது, அனுப்புங்கள் என்றாய். ஆகட்டும்மா என்று சொல்லிவிட்டேன், வேறென்ன சொல்வது. புயலில் அலமாரிக்குள் தண்ணீர் புகுந்து ஆல்பம் கூழாய்ப் போவதற்கு முன்பே அதிலிருந்த படத்தையெல்லாம் நீ கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருந்தாய் என்பது உன் அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியாது. பழசையெல்லாம் அழிக்கப் போகிறார்கள் என்பது எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. நீ பாவாடை கட்டியது, பல் விழுந்தது, எருமை மேல் உட்கார்ந்தது, இனி உலகத்தில் வேறெங்கும் இல்லை. அன்று இருவருக்கும் சோறு இறங்கவில்லை. அழிக்கச் சொன்னது நீங்க என்றாள் அவள், பிடுங்கியது நீ என்றேன் நான்.

மறுநாள் மிஷின் பெட்டியைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். உன் அம்மாவும் வருவேன் என்று பிடிவாதம் பிடித்தாள், நடவாட்கள் வந்துவிட்டதால் முடியவில்லை. வாசல் வரை வந்து, "படம் இருந்தா காப்பி மட்டும் போடச் சொல்லுங்க, ஒண்ணொண்ணா தொறந்து பாக்காதீங்க, பழைய மிஷின் பாரம் தாங்காது" என்றாள். மிஷின் மேல் இவளுக்கு இவ்வளவு கரிசனமா என்று நினைத்துக்கொண்டேன்.

கமருன்னிஸா விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஜும்மாவுக்குக் கடைய பூட்டுறப்பகூட நான் ஓடுற மிஷின நிறுத்துறதில்ல, நீங்க ராகுகாலம் பாத்தீங்களாப்பா" என்றாள். பெட்டியைத் திறந்து, உள்ளேயிருந்த டிஸ்க்கைக் கழற்றித் தன் மிஷினில் மாட்டினாள். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். டிஸ்க்கில் இரண்டு பாகமாம், ஒன்றுதான் அழிந்துபோயிருக்கிறது, நீ படம் வைத்தது மற்றொன்றில், ஒன்றும் ஆகவில்லை என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அவள் டீ வாங்கிக் கொடுத்தாள்.

டீயைக் குடித்துக்கொண்டே திரையைப் பார்த்தேன். மஞ்சள் மஞ்சளாய் ஃபோல்டர்கள், ஒவ்வொன்றின் கீழும் நீ தமிழில் பெயர் எழுதியிருக்கிறாய். கல்லூரி, திருமணம், பூமிகா என்று வரிசையாக வாசித்துக்கொண்டே வந்தேன். அடுத்ததையும் வாசித்தேன். "அப்பாவுக்குக் காட்ட வேண்டாம்." கமருன்னிஸாவுக்கு எனக்கு எழுத்துத் தெரியும் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்திருக்கும், "அது ஏதோ சிஸ்டம் ஃபைலுப்பா" என்றாள். சிஸ்டத்துக்கு என்னை எப்படியம்மா தெரியும் என்றேன். சிரித்துவிட்டாள், திறந்தும் விட்டாள்.

தரங்கம்பாடிக் கடல். கோட்டைக்குக் கீழே, இடுப்பளவு அலையில், உன் சுடிதாரைப் போட்டுக்கொண்டு நிற்கிறாள் உன் அம்மா. கையில் ஐஸ்கிரீம். சீர்காழிக் கோயிலுக்கு வேண்டுதல் என்று சொல்லி நீங்கள் இரண்டு பேரும் போய், சாயங்காலம் எனக்குக் குங்குமம் கொண்டுவந்து பூசினீர்களே, அந்த நாள்தான். குங்குமம் எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்று இப்போதாவது சொல். வாயைப் பொத்தாமல் அவள் சிரிப்பதை நான் பார்த்ததே இல்லை. "அம்மாவ திட்டாதீங்கப்பா" என்றாள் கமருன்னிஸா. எனக்குத் திட்டத் தோன்றவில்லை. எனக்குத் தெரியாமல்தான் அப்படிச் சிரிக்க முடிந்திருக்கிறது என்று தோன்றியது, அது கொஞ்சம் சுருக்கென்றது.

உன் சின்ன வயதுப் படங்களை கமருன்னிஸா அன்றே உனக்கு அனுப்பிவிட்டாள், எருமைப் படத்தை பூமிகா கட்டாயம் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். புது சிஸ்டத்தையும் கடையிலேயே வைத்து, யாரையும் பிளக் பக்கம் விடாமல், போட்டுக் கொடுத்தாள். கிளம்புகிற நேரத்தில் அந்த ஃபோல்டரின் பெயரை மாற்ற வேண்டும் என்றேன். எழுத்து ஒவ்வொன்றாய்த் தேடி நானே அடித்தேன், "அப்பா பார்த்துவிட்டார்." அந்த மிஷினில் நான் எழுதிய முதல் வாசகம்.

வீட்டுக்கு வந்து அவளிடம் படமெல்லாம் பத்திரம் என்றேன், வேறெதுவும் சொல்லவில்லை. தொறந்து பாத்தீங்களா என்றாள், மிஷின் பாரம் தாங்காதே என்றேன். சாயங்காலம் வேண்டுமென்றே டீக்கடையில் கொஞ்சம் அதிகமாக உட்கார்ந்துவிட்டு வந்தேன். வந்தால் அவள் அடுப்படியில், முகம் திருப்பாமல் புளி கரைத்துக்கொண்டிருக்கிறாள். போய்க் கம்ப்யூட்டரைப் பார்த்தேன். ஃபோல்டருக்குப் புதுப் பெயர், "பாத்தா பாத்துக்குங்க." அவள் அடுப்படியிலேயே இருக்க, நானும் மாற்றி வைத்தேன், "சுடிதார் நன்றாக இருக்கிறது." நேற்று அது "கடல் இன்னும் நல்லா இருந்துச்சு" என்று ஆகியிருக்கிறது. இதுவரை வாயால் ஒரு வார்த்தை இதைப் பற்றி நாங்கள் பேசவில்லை, நீயும் போனில் எடுக்காதே, கெட்டுவிடும். இன்றைக்கு நான் எழுத வேண்டிய முறை, "நடவு முடியட்டும், போகலாம்" என்று அடிக்கலாமென்று இருக்கிறேன், எழுத்துத் தேட நேரமாகும்.

காவேரித்தாய் புண்ணியத்தில் நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நெடுங்காலம் நன்றாக இருக்க வேண்டும். பதிலை என் பெயருக்கே, பெரிய எழுத்தில் எழுது, நானே பிரித்து நானே வாசித்துக்கொள்கிறேன்.

ஆசிகளுடன்
உன் அப்பா
தங்கையன்