எஞ்சின் இறக்கிய நாளில் நீ பேசிய பேச்சு

இன்று காலை ஷெட்டிலிருந்து தரை ஜாக்கியை இழுத்தபோது பழைய எஞ்சின் ஆயிலின் வாடை மூக்கில் ஏறியது. "இந்த நாத்தத்தோட அடுக்களைக்குள்ள வரண்டாம்" என்று நீ விரட்டுவாய் என ஒரு நொடி நின்றேன். நீ கண்மூடி எட்டு மாதமாகியும் இப்படிக் காத்து நிற்பது தீரவில்லை, ஏட்டி.

நம் வேனில் எஞ்சின் முன்சீட்டுக்குக் கீழே. பழுது பார்க்க வண்டிக்கு அடியில்தான் இறக்க வேண்டும். முதல்முறை வீட்டிலேயே இறக்கலாம் என்று நான் குதித்தேன். வீடு கட்டி மிச்சம் கிடந்த வெட்டுகல்லை, செம்பாறையில் வெட்டியெடுத்த அந்தக் கல்லை, அடுக்கி வண்டியின் முன்பக்கத்தை அதன்மேல் ஏற்றினேன். நம் ஊரில் எதற்கும் வெட்டுகல்தானே! கல்லின் ஓரத்தில் சிவப்புப் பொடி உதிர்வதை நீதான் கண்டாய். "கல்லு பொடியுதாக்கும். இதுக்க அடியில மனுசன் போவானா?" என்று கத்திவிட்டு, பெருங்கடவிளைச் சந்தைக்குக் கிளம்பியவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அயனிமரக் கட்டைகளை உருட்டி வந்தாய்.

கட்டைமேல் வண்டியை நிறுத்தி, ஜாக்கியில் பலகை வைத்து எஞ்சினைத் தாங்கிய பிறகு நான் அடியில் போனேன். நீ ஜாக்கிக் கைப்பிடியைப் பிடித்தபடி ஓயாமல் பேசினாய். சபை ஆராதனையில் யார் சுருதி விலகிப் பாடினார்கள், ஆரியங்கோட்டு அக்கா மகளை யார் பெண் கேட்டார்கள். நடுநடுவே "கேக்குதா?" வேறு. எரிச்சலில், விளையாட்டாகப் பதில் சொல்லாமல் கிடந்தேன்.

நீ அலறி என் காலைப் பிடித்து இழுத்தாய். நான் சிரித்துக்கொண்டே வெளியே வந்தேன். "உயிரோட உண்டான்னு அறியத்தானே பேசுனேன்" என்று அழுதாய். எஞ்சின் பத்திரமாக இறங்கியது. நீ இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. மடையன்!

இன்று மறுபடியும் எஞ்சினை இறக்கினோம். கைப்பிடியைப் பிடித்தது உன் தம்பி. கவனமானவன், வண்டியை உலுக்கிப் பார்த்த பிறகே என்னை உள்ளே விட்டான். ஆனால் வாய் திறக்கவில்லை. அந்த மௌனம் தாங்காமல், "எலே மக்கா, ஏதாவது பேசுலே" என்றேன்.

"என்ன பேச, அத்தான்?"

போல்ட்டைக் கழற்றியபடி அன்று செய்ததை அவனிடம் சொன்னேன். "அவகிட்ட ஒரு வார்த்தை மன்னிப்புக் கேக்கலியே" என்றேன்.

"அய்யோ அத்தான், அக்கா அந்தக் கதைய எங்க வீட்டுல வந்து சொல்லிச் சொல்லிச் சிரிச்சாளாக்கும்" என்றான்.

சிரித்தாயா? எஞ்சின் இறங்கியும் நான் வெளியே வராமல் கொஞ்ச நேரம் கிடந்தேன். எனக்கு மட்டும் அந்தச் சிரிப்பைக் காட்டாமல் போய்விட்டாயே.